வெட்டப்பட்டவை என்று நீ சொன்ன இருபத்தைந்து கப்பல்கள்

அன்புள்ள மகனுக்கு,

மைதீன் மாமாவின் இருபத்தைந்து கப்பல் பட அட்டைகளும் ஓரம் வெட்டப்பட்டவை என்று நீ இணையத்தில் போட்ட வீடியோவில் சொன்னாய். அது தவறு. தெரியாமல் சொல்லிவிட்டான் என்கிறாள் உன் அம்மா. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னான் என்கிறேன் நான். அட்டை சேர்ப்பவர்கள் நடுவே ஒருவரைப் பார்த்து "வெட்டினது" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். பழைய அட்டையின் மழுங்கிய ஓரத்தைச் சீவி, புதிது போலக் காட்டி, அடுத்தவரை ஏமாற்றப் பார்த்தார் என்று பொருள். எழுபத்திரண்டு வயது மனுஷனை, உனக்குக் காது குத்தும்போது பக்கத்தில் நின்ற மனுஷனை, அப்படிச் சொன்னாய்.

பெயர் சொல்லவில்லையே அப்பா என்று போனில் சொன்னாய். "காரைக்குடிப் பக்கம் ஒரு பெரியவர்" என்றுதான் சொன்னாயாம். பெயரைச் சொல்லாமல், நீ ஊருக்கு வந்தபோது அவர் பார்க்கக் கொடுத்த அட்டை டப்பாவைக் காட்டினாய். மூடியில் பச்சைக்கிளி போட்ட அந்த பிஸ்கட் டப்பாவை நம் பக்கத்தில் தபால்தலை, நாணயம், அட்டை என்று எதைச் சேர்ப்பவனும் அறிவான். வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. சனிக்கிழமை காலை கல்யாண மண்டபத்தில் சேகரிப்பாளர் கண்காட்சி. மைதீன் மாமா முதல் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கப்பல்களை வரிசை எண்படி அடுக்கி முடித்திருந்தார். கண்காட்சிக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து, சந்தேகப்பட்ட பொருளை வைக்க வேண்டாமே என்று மெதுவாகத்தான் சொன்னார்கள். அவர் அட்டைகளை எடுத்து டப்பாவில் போட்டார், துணியை மடித்தார், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு புதுவயல் பஸ்ஸில் ஏறிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ ஊரறியச் சொன்னாய். அதனால் நானும் ஊரறியவே எழுதுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு வரும் நாளில் நம் சேகரிப்பாளர்களின் போன் குழுவிலும் வரும், பழைய பஸ் ஸ்டாண்டில் என் கடைக் கதவிலும் இருக்கும். நான் ஜெராக்ஸ் கடைக்காரன். நூறு பிரதி எடுக்க எனக்கு யார் தயவும் வேண்டியதில்லை. தை பிறந்தால் உனக்குக் கல்யாணம், இந்த நேரத்தில் இது தேவையா என்று உன் சித்தப்பா கேட்டார். கல்யாணம் வருகிறது என்பதால்தான் தேவை. முதல் பத்திரிகை மைதீன் அண்ணன் வீட்டுக்கு என்று உன் அம்மா முடிவு செய்து பத்து வருஷம் ஆகிறது. அந்த வாசலில் தட்டோடு நான் போய் நிற்க வேண்டும்.

முதலில் அட்டையைப் பேசுவோம். பாசத்தை வைத்து நான் பேசுகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. உன் வேலை கம்ப்யூட்டரில், உன் பேர் கார்டில். ஊர் ஊராக ஆட்கள் உனக்கு விளையாட்டு வீரர் படக் கார்டு அனுப்பித் தரம் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். புது கார்டைப் பார்ப்பதில் உன் கண்ணுக்கு ஈடில்லை. ஆனால் புது கார்டு எப்படிப் பிறக்கிறது? சேர்த்து வைப்பதற்கென்றே பிறக்கிறது. உறையைக் கிழித்த கையோடு பிளாஸ்டிக் மேலுறைக்குள் போகிறது, அங்கிருந்து கெட்டிக் கூட்டுக்குள் போகிறது. அதன் மேல் மனிதக் கை படுவது நாலு நிமிஷம் இருக்குமா? அதில் குறை இருந்தால் அநேகமாகத் தொழிற்சாலைக் குறை. படம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், பளபளப்பின் மேல் உருளை இழுத்த கோடு இருக்கும், மூலையில் கடுகு அளவு வெள்ளை தெரியும். நீ பத்து மதிப்பெண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறாய். அங்கே அது சரி.

பழைய அட்டை அப்படியா? சிகரெட் பாக்கெட் வளையாமல் இருக்கப் போட்ட அட்டை அது. தூக்கிப் போடத்தான் போட்டார்கள். அதை ஒருவர் எடுத்துச் சட்டைப் பையில் வைத்து, பிள்ளைகள் சுண்டி விளையாடி, பசை தடவி நோட்டில் ஒட்டிப் பிறகு பிய்த்து, கப்பலேறி, கடல் தாண்டி, நம் ஊர் வெயிலில் வெந்து, இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருக்கிறது. பத்தில் தொடங்கி அதைக் கழித்துக்கொண்டே வந்தால் கையில் பூஜ்யம்தான் நிற்கும். பழைய அட்டையில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதைச் செய்தது யார்? வயதா, புழக்கமா, இல்லை தெரிந்தே செய்த ஒரு கையா? மடிப்பு இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள், மனுஷனைக் குறைக்காதே. பின்பக்கம் பசைக்கறை இருந்தால் அதற்கும் குறை. ஆனால் அது நாணயமான கறை. மூலை மழுங்கியிருந்தால் அது வயது. எண்பது தொண்ணூறு வருஷ அட்டையில் மூலை ஊசி மாதிரி நின்றால்தான் நான் லென்ஸை எடுப்பேன். உனக்குப் புது கார்டில் மழுங்கிய மூலை எப்படியோ, எனக்குப் பழையதில் கூர்மையான மூலை அப்படி.

அடுத்தது அளவு. நீ உன் பிளாஸ்டிக் அளவுச் சட்டத்துக்குள் ஒவ்வொரு கப்பலாக வைத்துக் காட்டினாய். "பாருங்க, இது ஒரு மில்லி கம்மி. இது முக்கால் மில்லி கம்மி. ஒண்ணுகூட ஒரே அளவு இல்ல" என்று சிரித்தாய். ஒரே அளவில் இல்லை என்பதே அவை வெட்டப்படாதவை என்பதற்குச் சாட்சி. ஏமாற்றுகிறவன் ஒரே அளவாக வெட்டுவான், அவனுக்கு அளவுச் சட்டத்தின் மேல்தான் பயம். அந்தக் காலத்து ஆலையில் தாளைக் கத்தையாக அடுக்கி, கையால் தள்ளி, கத்தியை இறக்கினார்கள். கத்தையின் மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் வித்தியாசம் வராமல் இருக்காது. கையால் வார்த்த ஆத்தங்குடிக் கல் வாங்கி நம் கூடத்தில் பதித்தோமே, அதில் எந்த இரண்டு கல் ஒன்று போல இருக்கிறது? கொத்தனார் அதைக் குறை என்று சொன்னாரா? அதே கொத்தனார் குளியலறைக்கு வாங்கிய கம்பெனி டைல்ஸில் நூலளவு வித்தியாசம் என்று பெட்டியையே திருப்பி அனுப்பினார். ஒரே மனுஷர், ஒரே மட்டக்கோல். எதை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் இதை எந்தப் படிப்பிலும் படிக்கவில்லை. பழைய பொருள் கடைத் தெருவில் தூணும் கதவும் பீங்கானும் வாங்க வெளிநாட்டுக்காரன்கூட வருவான். காகிதத்தை மட்டும் எடைக்குத்தான் போடுவார்கள். அந்த எடைக் காகிதத்தில் குந்தி உட்கார்ந்து இருபது வருஷம் பார்த்துப் பார்த்துக் கற்றேன். அட்டையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஆலையில் வெட்டிய ஓரம் அட்டையோடு சேர்ந்தே பழுத்திருக்கும். பின்பக்கம் டீக்கறை நிறம் என்றால் ஓரமும் அதே டீக்கறை. பிற்பாடு வெட்டிய ஓரம் வெளுத்திருக்கும், பல் விளக்கியது போல. கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைக் காட்டினால் புதுக் காகிதம் நீலமாக மின்னும், பழையது அசையாமல் கிடக்கும். மைதீன் மாமாவின் கப்பல்களை இந்தச் சோதனை எல்லாவற்றிலும் நான் ஒன்றுக்கு மூன்று முறை வைத்துப் பார்த்திருக்கிறேன். இருபத்துநாலு கப்பலும் ஆலையில் பிறந்தபடியே இருக்கின்றன. எந்த ஊருக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போ, எந்த விளக்கில் வேண்டுமானாலும் வை, என் பேச்சு மாறாது.

இருபத்துநாலு என்று எழுதினேன். கணக்குத் தப்பவில்லை. பத்தொன்பதாம் எண், மூன்று புகைபோக்கி உள்ள கப்பல், அதன் கீழ் ஓரம் வெளுத்திருக்கிறது. நீ அதைப் பார்த்தாய். உன் கண் பொய் சொல்லவில்லை. அந்த ஓரத்தை வீடியோவில் பெரிதாக்கியும் காட்டினாய். ஒன்றில் வெளுப்பைக் கண்டாய், மற்றவற்றில் அளவு வித்தியாசத்தைக் கண்டாய், இரண்டையும் முடிச்சுப் போட்டு இருபத்தைந்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டாய். நீ நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்தொன்பதை வெட்டியது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

முப்பது வருஷத்துக்கு முந்தி நடந்தது. கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊரிலேயே லேமினேஷன் மெஷின் நம்மிடம்தான் என்று எனக்குத் தலைகால் புரியாது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட், சாமி படம், கையில் கிடைத்ததை எல்லாம் பிளாஸ்டிக்கில் உருக்கிக்கொண்டிருந்தேன். மைதீன் மாமாவைப் பெற்ற அத்தா அப்போதுதான் காலமாகியிருந்தார். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் இருந்தவர் அவர். சிகரெட் குடிக்க மாட்டார். மற்றவர்கள் குடித்துவிட்டுப் போட்ட பாக்கெட்டுகளிலிருந்து எடுத்தும், இரட்டையாக வந்ததை மாற்றிக்கொண்டும் அந்த இருபத்தைந்தையும் சேர்த்தார். கடைசியாக அவர் ஊர் திரும்பிய கப்பல் அந்தப் பத்தொன்பதாம் படத்தில் உள்ளது மாதிரியே இருக்குமாம். அதை மட்டும் மைதீன் மாமா டப்பாவிலிருந்து எடுத்து மணிபர்ஸில் வைத்திருந்தார். வேர்வையில் கெட்டுப் போகிறது, பிளாஸ்டிக் போட்டுக் கொடு மாப்ள என்று கொண்டு வந்தார். அவர் டீ சொல்லப் போன நேரத்தில் நான் அட்டையைப் பார்த்தேன். மேலே வெள்ளை ஓரம் குறுகலாக இருந்தது, கீழே அகலமாக இருந்தது. என் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. கட்டரில் வைத்து ஒரே இழுப்பு. படம் நடுவில் வந்து நின்றது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? படம் நடுவில் நிற்க வேண்டும் என்று நீ இன்று உயிரை விடுகிறாயே, அது எங்கிருந்து உனக்கு வந்தது என்று நினைக்கிறாய்?

உறைக்குள் போட்டு மெஷினுக்குள் விடப் போகையில் மின்சாரம் போனது. அந்த அட்டை செய்த புண்ணியம். மைதீன் மாமா அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, இன்னொரு நாள் போடலாம் என்று அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஓரம் சீவியதை நான் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அப்போது தெரியாது.

தெரிய வைத்தவன் நீ. நாலாம் வகுப்பு முடிந்த லீவு உனக்கு நினைவிருக்கும். பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட்காரர்கள் படம் அறுபத்துமூன்று சேர்த்திருந்தாய், ரப்பர் பேண்ட் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்து. நீ பாஸான சந்தோஷத்தில், உனக்குத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அறுபத்துமூன்றையும் ஓரம் வெட்டி, லேமினேஷன் போட்டு, மூலையை வட்டமாக நறுக்கி அடுக்கி வைத்தேன். நீ அழவில்லை. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாய். "இனிமே இது கார்டு இல்லப்பா. ஐ.டி. கார்டு" என்றாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சின்னப் பயலுக்கு என்ன தெரியும் என்று நானும் வீறாப்பாக இருந்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பொருளைக் காப்பாற்றுகிறேன் என்று அதைக் கொல்ல முடியும் என்று அதற்குப் பிறகுதான் தேடித் தேடிக் கற்றேன். கற்கக் கற்க, பத்தொன்பதாம் கப்பலின் ஓரம் என் நெஞ்சில் அறுத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரில் அட்டைக்கு நியாயம் சொல்கிறவன் என்ற பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை இழக்க மனசு வரவில்லை.

வீடியோ வந்த அன்று நான் உன்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அவன வையிறதுக்கு முன்னாடி ஒங்க கையப் பாருங்க. அறுபத்துமூணு படத்தையும் மெஷினுக்குள்ள விட்டது நீங்கதான். கட்டர எடுத்தா ஒங்களுக்கு எது முன்னால கெடக்குன்னே தெரியாது." பத்தொன்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதுவயலுக்குப் போனேன். மைதீன் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே பத்தொன்பதை வெட்டியது நான் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "தெரியும் மாப்ள."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். வீட்டுக்கு வந்து டப்பாவுல அடுக்குறேன், மத்த இருபத்துநாலுக்கு நடுவுல அது மட்டும் முங்கிப் போச்சு."

"பெறகு ஏன்யா சொல்லல?"

"சொல்லி? ஒட்டவா போறே?"

பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மண்டபத்தில் அந்த இரண்டு பேரும் வந்து நின்றபோது, இது நான் வெட்டியதல்ல, ஜெராக்ஸ் கடைக்காரன் வெட்டியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மேஜை அவருக்கு இருந்திருக்கும். நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லவில்லை மனுஷன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ பெத்த பிள்ளை சொன்னது, நீயே சொல்லுவேன்னு நின்னேன் என்றார். அதற்குள் டீ வந்தது, குடித்தோம்.

கிளம்பும்போது கல்யாணத்துக்கு வருவீர்கள் அல்லவா என்று கேட்டேன். "வராம? சாப்டுட்டுப் போவேன். மேடைக்கு மட்டும் கூப்டாதே மாப்ள. ஒன் மகன் கூட்டாளிகள்லாம் வருவாக. இந்தா வெட்டுன பெரியவருன்னு பாப்பாக. புள்ளைக்கு நல்ல நாளு, அந்தப் பார்வை எதுக்கு?"

அவர் மேடைக்கு வராத கல்யாணத்தில் நான் மட்டும் எந்தக் காலை வைத்து ஏறுவேன்?

நான் செய்த தப்பைச் சொல்லிவிட்டேன் என்பதால் நீ செய்தது சின்னதாகிவிடாது. என்னுடையது ஒரு அட்டை, உன்னுடையது இருபத்துநாலு. நான் அவருடைய அட்டையை வெட்டினேன். நீ அவர் பெயரை வெட்டினாய். இரண்டையும் ஒட்ட முடியாது. எது யார் வெட்டியது என்று சரியாக எழுதி வைக்க மட்டும் முடியும். தரம் பார்ப்பது என்றால் அவ்வளவுதான். ஆகவே, இனி நடக்க வேண்டியது இது.

நீ: அந்த வீடியோவை அழிக்கக் கூடாது. அழித்தால் பார்த்தவன் மனதில் அது அப்படியே நிற்கும். அதே இடத்தில் இன்னொன்று போடு. இருபத்துநாலு கப்பல்களின் ஓரத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டி, நான் சொன்னது தவறு என்று உன் வாயால் சொல். சிரிக்காமல் சொல். அதற்கு அட்டைகள் வேண்டும். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, புதுவயலில் அவர் வாசலில் நின்று கேள். கொடுத்தால் வாங்கிக்கொள். கொடுக்காவிட்டால் மறுநாளும் போய்க் கேள்.

பத்தொன்பதாம் எண்ணுக்கு நீதான் தரச் சீட்டு எழுத வேண்டும். வெட்டப்பட்டது என்றே எழுது. அப்பன் பேர் என்று பார்த்து மழுப்பாதே. யார் வெட்டியது என்ற வரியை என் கையெழுத்தில் நான் எழுதுவேன், கடைப் பெயரோடு.

கண்காட்சிக் குழு: அடுத்த கண்காட்சியில் அதே முதல் மேஜை. எழுத்தில் தர வேண்டும். வாங்கி வருவது என் பொறுப்பு. தராவிட்டால் அவர்கள் நோட்டீஸை வேறு கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா: பத்திரிகைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் தயாராக இருக்க வேண்டும். நீ வீடியோ போட்ட மறுநாள் காலையில் நாங்கள் கிளம்புவோம். அதுவரை ஒரு பத்திரிகைகூட வீட்டை விட்டுப் போகாது, உன் சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான்: கட்டரைக் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டு, படிப்பவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லக் கடையிலேயே இருப்பேன்.

மைதீன் மாமா செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவர் பங்கை முப்பது வருஷமாக அவர் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

உன் அப்பா